பிகாஸுக்குப் பின்னால் நின்ற ஆள்

மதுக்கரைப் பக்கம் இரும்பு வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் இருபத்தோரு வருடம், பெரும்பாலும் எக்ஸ்போர்ட் கடிதங்கள் எழுதிவிட்டு, போன வருடம் ஓய்வு பெற்றேன். ஆபீஸ் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கோபம் இன்னும் தணியவில்லை. வார்த்தை கொஞ்சம் தடிப்பாகத்தான் விழும்.

ஒருநாள் காலை வெளிநாட்டு கஸ்டமரிடமிருந்து மெயில். நாங்கள் அனுப்பிய பம்ப் கேசிங்குகளில், அதாவது பம்பின் வார்ப்புக் கூடுகளில், தண்ணீர் கசிகிறது, மூன்று நாளில் காரணம் சொல்லுங்கள் என்று. மேனேஜர் என் மேஜைக்கு வந்தார்.

"ஏனுங்க அம்மணி, வழக்கம்போலப் போட்டுருங்க. பிகாஸ் ஆப்பரேட்டர் டெம்பரேச்சர் செக் பண்ணலை, சோ காஸ்டிங் லீக் ஆயிப்போச்சு, தேர்ஃபோர் ஆளை வேலைய விட்டு எடுத்துட்டோம்னு."

"நம்ம உலை ஆப்பரேட்டர் ரங்கசாமியை எடுத்துட்டீங்களா?"

"அட, லெட்டருக்குத்தானுங்க. அவரை யாரு எடுக்கறா?"

வழக்கம்போல என்றாரே, அதுதான் எங்கள் ஆபீஸின் லட்சணம். எந்தப் புகார் வந்தாலும் பிகாஸுக்குப் பின்னால் ஓர் ஆப்பரேட்டர். மெஷின் பழசு என்று எழுதினால், புதுசு எப்போது வாங்குவாய் என்று கேட்பார்கள். ஆள் கவனிக்கவில்லை என்றால் கேள்வி அதோடு நின்றுவிடும். கடிதத்தில் எழுதுவதால் யாருக்கு என்ன கெட்டுப்போகிறது என்று நானும் எழுதிக்கொண்டே இருந்தேன். இங்கிலீஷ் நன்றாக இருக்கிறது என்று எனக்குப் பாராட்டு வேறு.

இதையும் அப்படியே எழுதி அனுப்பினேன். ஆனால் இந்த கஸ்டமர் விடவில்லை. ஆளை எடுத்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். மறுநாளே ரங்கசாமிக்கு வேலைநீக்க உத்தரவு. அதையும் டைப் செய்தவள் நான்தான்.

பதினாறு வருடம் உலை பார்த்த மனிதர் அந்தக் காகிதத்தோடு என் முன்னால் வந்து நின்றார்.

"அம்மணி, என்ற மேல என்னங்க குத்தம் எழுதியிருக்குது?"

வாசித்துச் சொன்னேன்.

"செக் பண்ணலையாமா? அன்னைக்குக் கரண்ட் போயிட்டு வந்துச்சுங்க. மெட்டல் ஆறிப்போச்சு, ஊத்த வேண்டாமுங்கன்னு சொன்னேன். கன்டெய்னர் நிக்குது, ஊத்துன்னு மேனேஜர்தானுங்க சொன்னாரு. ஷிப்ட் புக்குல எழுதிப்போட்டேனுங்களே, நீங்க பார்க்கலீங்களா?"

பார்க்கவில்லை. என் மேஜையிலிருந்து உலைக்கு நடந்தால் இரண்டு நிமிடம். இத்தனை வருடத்தில் காரணம் எழுதுவதற்காக ஒருமுறைகூட அங்கே போனதில்லை.

அன்று போனேன். ரங்கசாமி சொன்னதெல்லாம் ஷிப்ட் புக்கில் தமிழில் இருந்தது. கீழே சூப்பர்வைசரின் கையெழுத்தும் இருந்தது. புக்கை எடுத்துக்கொண்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனேன்.

"இதை அங்க யாருங்க படிக்கப் போறாங்க? தமிழ்லதானே இருக்குது. அவருக்கு வேற பக்கம் வேலை சொல்லிவுடறேன். நீங்க டென்ஷன் ஆகாதீங்க அம்மணி."

ஒருவர் வயிற்றில் அடிக்கும்போதும் குரல் உயரவில்லை, மரியாதை குறையவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திட்டினால்கூட திருப்பித் திட்டியிருப்பேன்.

யாரையும் கேட்காமல் இன்னொரு கடிதம் எழுதினேன். ஆல்தோ ரங்கசாமி தடுத்தார், மேனேஜர் ஊற்றச் சொன்னார், பிகாஸ் கன்டெய்னருக்கு நேரமாகிவிட்டது. சோ காஸ்டிங் கசிந்தது. ஷிப்ட் புக் பக்கத்தைப் படமெடுத்து, மொழிபெயர்ப்பையும் இணைத்து, முதலாளிக்கு ஒரு காப்பி போட்டு, கஸ்டமருக்கு அனுப்பினேன். பயம் வரவில்லை, ஆத்திரம்தான்.

மறுநாளே பதில் வந்தது: "தடுத்த ஆளை எதற்கு நீக்கினீர்கள்?" அன்று மதியமே முதலாளி ரங்கசாமியைத் திரும்பக் கூப்பிட்டார். என்னை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். மேனேஜரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் ஓய்வு பெற்ற அன்று சால்வை போர்த்தியதும் அவர்தான்.

பிள்ளைகளே, காரணம் எழுதச் சொன்னால் முதலில் நாற்காலியை விட்டு எழுந்து போங்கள். ரங்கசாமி நேரில் வந்து கேட்டார், எனக்குப் புத்தி வந்தது. அதற்கு முன்னால் நான் எழுதிய ஆப்பரேட்டர்களில் எத்தனை பேருக்கு என் கடிதத்தால் வேலை போனது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்லை.