சனிக்கிழமைகளில் அப்பா ஓட்டிய வெள்ளைக் கார்

யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் பிறந்து ஜெர்மனியின் கொலோன் நகரில் கண்மூடிய எங்கள் அப்பாவைப் பற்றி எழுதும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். அழுது களைத்த நிலையில் எழுதுகிறேன். குறையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாட்டுப் பிரச்சினையால் இளவயதிலேயே ஜெர்மனிக்கு வந்த அப்பா, முதலில் உணவகமொன்றில் கோப்பை கழுவினார். பிறகு ஒரு கராஜில் சேர்ந்து அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்து, காலப்போக்கில் சொந்தக் கராஜ் திறந்தார். மற்றவர்கள் பழைய இரும்பென்று கழித்துவிட்ட அரிய கார்களை வாங்குவார். துருவைச் சுரண்டி, தகரம் வெட்டி ஒட்டி, இருக்கைத் தோல் வரை அந்தக் காலத்து முறையிலேயே செய்து முடிப்பார். அவற்றின் விலை ஏற ஏற அப்பாவும் வசதியானார். விற்க மனம் வராதவற்றைத் தனக்கென்று வைத்துக்கொண்டார். அவற்றில் ஒன்றுதான் அந்த வெள்ளைக் கார்.

அதுதான் வினையாகப் போயிற்று. எங்கள் சனத்தின் கலியாணம் என்றால் மாப்பிள்ளையும் பொம்பிளையும் அப்பாவின் வெள்ளைக் காரில்தான் வந்திறங்க வேண்டும் என்றாகிவிட்டது. சாவியை இன்னொருவர் கையில் கொடுக்க அப்பாவுக்கு மனமில்லை. ஆகவே கோடை முழுவதும் சனிக்கிழமைதோறும் அவரே கோட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டினார். கூலிக்கு வந்த சாரதி என்று நினைத்து, அவரிடம் தண்ணீர்ப் பெட்டிகளைத் தூக்கச் சொன்னவர்களும் உண்டு. அவரும் தூக்கினார்.

ஒருமுறை பூ அலங்காரத்தைப் பார்சல் ஒட்டும் ரேப்பால் கதவில் ஒட்டிவிட்டார்கள். பிய்த்தபோது பெயின்றும் சேர்ந்து வந்தது. அந்தக் கதவோடு அப்பா ஒரு மாதம் மாரடித்தார். அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"உங்களுக்கென்ன விசரோ? அவையள் ஒரு நன்றியாவது சொன்னவையோ?"

"பிள்ளையள் சந்தோசமா இறங்கிப் போச்சுதுகள். விடுமப்பா."

இருதய நோய் வந்த பிறகும் இந்த ஓட்டம் நிற்கவில்லை. சத்திரசிகிச்சைக்கு வைத்தியசாலை குறித்துத் தந்த தெர்மின் நாளையே ஒரு கலியாணத்துக்காகத் தள்ளிவைத்தார். "வாக்குக் குடுத்திட்டன் பிள்ளை" என்றார். அந்தக் கலியாணத்துக்குக் கார் ஓட்டினார். அடுத்த தெர்மின் வருமுன் எங்களை விட்டுப் போய்விட்டார்.

தகனச்சாலை வாசலில் உறவினர் ஒருவர் என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, ஆவணியில மகளின்ர கலியாணம். அப்பா கார் கொண்டுவாறன் எண்டவர். இப்ப என்ன மாதிரி?"

பக்கத்தில் நின்ற அம்மாதான் பதில் சொன்னார்.

"அவர் சொன்னவரெண்டால் கார் வரும் அண்ணை."

வீட்டுக்கு வந்ததும் அம்மாவோடு சண்டை பிடித்தேன். அப்பாவின் உயிரை வாங்கிய காரை மறுபடியும் வெளியே எடுப்பதா என்று கத்தினேன். அம்மா அப்பாவின் கோட்டைத் தூசு தட்டிக் கொளுவிவிட்டுச் சொன்னார்.

"அவர் குடுத்த வாக்கு ஒண்டுதான் இப்ப மிச்சமாக் கிடக்கு. அதையும் பொய்யாக்க என்னால ஏலாது பிள்ளை."

மறுநாள் கராஜுக்குப் போய் அந்தக் காரின் சாவியை எடுத்துவந்தேன்.

வைத்தியசாலையில் துணைநின்ற அயலவர்களுக்கும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரை சமைத்துக் கொண்டுவந்து எங்களைச் சாப்பிட வைத்தவர்களுக்கும், கிரியைகளை நடத்திய ஐயருக்கும், கராஜைப் பூட்டவிடாமல் நடத்திவரும் அப்பாவின் வேலையாட்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஆவணியில் அந்தக் காரை நானே ஓட்டி வருவேன். அதன் பிறகு எல்லாக் கார்களையும் விற்றுவிடப் போகிறோம். ஆகவே அன்பான உறவுகளே, இனி எவரும் அம்மாவிடம் கார் கேட்டு வராதீர்கள். என்னிடம் கேளுங்கள். அப்பாவுக்கு இல்லையென்று சொல்லத் தெரியாது. எனக்குத் தெரியும்.

– மகள்