எனக்கு முன்னால் இருந்தவர்

போன கிழமை கொக்குவிலில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். விறாந்தையில் ஆள்நீளத்துக்கு ஒரு மட்டைப்பெட்டி கிடந்தது. தங்கையின் மகள் பக்கத்தில் குந்தியிருந்து கத்தரிக்கோலால் அதை வெட்டிக்கொண்டிருந்தாள். சென்னையில் இருந்து வந்த வீணை. போனிலேயே படம் பார்த்து, போனிலேயே முற்பணம் கட்டி எடுத்ததாம். ஆனால் அவள் முகம் கடுகடு என்று இருந்தது.

"சொன்ன திகதிக்கு ரெண்டு கிழமை பிந்திப் போச்சு பெரியம்மா. உவங்களை நம்பி ஒரு சாமான் வாங்கேலாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு இன்னும் கோபம். நான் என்ன செய்வது? உறையை உரித்ததும் மெட்டுகளைப் பதித்திருந்த கருமெழுகின் வாசம் எழும்பி வந்தது. தேன்மெழுகும் குங்கிலியமும் கரியும் சேர்ந்து உருகிய வாசம். உங்களுக்குச் சொல்வதற்கென்ன, மற்றவர்களுக்கு அது கோயிலை நினைவுபடுத்தலாம். எனக்கு அச்சுவேலிச் சந்தியையும், வெள்ளிக்கிழமை தோறும் அங்கே பஸ்ஸை விட்டு இறங்கினதையும்தான் நினைவுபடுத்துகிறது.

அப்போது பருத்தித்துறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சங்கீத ரீச்சராக எனக்கு முதல் நியமனம். கொக்குவிலில் இருந்து தினமும் பஸ். வீணை படித்தவள் என்று பெயர்தானே தவிர, சொந்தமாக வீணை இல்லை. படித்ததெல்லாம் பக்கத்து ஒழுங்கை மாமி ஒருவரின் இரவல் வீணையில். மாமி அடிக்கடி, "கவனமாய்த்தானே வைச்சிருக்கிறாய்?" என்று கேட்பார். எப்போது திருப்பித் தரப்போகிறாய் என்று அதற்கு அர்த்தம். இந்தியாவில் இருந்து எடுப்பிக்கிற வசதி எங்களுக்கு இருக்கவில்லை. அச்சுவேலியில் மணியண்ணை என்று ஒருவர் வீணை செய்கிறார் என்று யாரோ சொல்ல, முதல் சம்பளங்களில் மிச்சம் பிடித்ததைக் கொண்டுபோய் முற்பணமாகக் கொடுத்தேன்.

"நாலு மாசம் ரீச்சர். உங்களுக்கு முன்னாலை ஒராள்தான்" என்றார் மணியண்ணை.

நல்ல மனிதர். அதுதான் பிரச்சினையே. கெட்டவர் என்றால் சண்டை பிடித்துக் காசைத் திருப்பி வாங்கியிருக்கலாம். இவர் நான் போனதும் கதிரையைத் துடைத்துப் போடுவார், தேத்தண்ணி வைக்கச் சொல்லி மனைவியைக் கூப்பிடுவார், பிறகு பலாக்கட்டையை என் காதுக்குப் பக்கத்தில் பிடித்துத் தட்டிக் காட்டுவார். "கேக்குதே? இன்னும் ஈரம். ஈரக்கட்டையிலை செய்து தந்தால் பிறகு என்னைத்தான் பேசுவியள்." நாலு மாதம் போனது. மழை, பொலிஷ் காயவில்லை. மழை விட்டது, கோயில் திருவிழாக்கள், திருத்த வேலை குவிந்துவிட்டது. திருவிழா முடிந்தது, மெழுகு சரியில்லை. "நாளைக்கு எண்டு நான் ஒருநாளும் பொய் சொல்லமாட்டன் ரீச்சர்" என்பார் பெருமையாக. உண்மைதான். வாற கிழமை என்றுதான் சொல்வார்.

முற்பணம் ஒரு விசித்திரமான கயிறு. கட்டியிருப்பது அவரை என்று நாங்கள் நினைப்போம். கட்டுப்பட்டிருப்பது நாங்கள்தான். திருப்பிக் கேட்டால் அதுவரை காத்திருந்ததெல்லாம் வீண். இந்த இடைவெளியில் என்னைப் பெண்பார்க்க வந்தவர்களிடம் அம்மா, "பிள்ளையிட்டை சொந்த வீணை இருக்கு" என்று சொல்லிவிட்டார். "எங்கை, ஒருக்கா வாசியுங்கோவன்" என்றார் மாப்பிள்ளையின் தமக்கை. இரவல் வீணையை அன்று ஏதோ பூசைக்காக மாமி வாங்கிக்கொண்டு போயிருந்தார். "அச்சுவேலியிலை நிக்குது" என்றார் அம்மா, கலியாணத்துக்குப் போன உறவினரைப் பற்றிச் சொல்வதுபோல.

எனக்கு முன்னால் இருந்த அந்த ஒராளை நான் சந்தித்தது மணியண்ணை வீட்டு முற்றத்தில்தான். பருத்தித்துறைக்காரர். கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்து இளைப்பாறியவர், அதனால் எல்லாருக்கும் மனேச்சர். சாமான் வராத காலத்தில் மண்ணெண்ணெய்க்கும் சீனிக்கும் சவர்க்காரத்துக்கும் சனத்தை வரிசையில் நிறுத்தியவர். தன் மனைவியையே வரிசையின் கடைசிக்கு அனுப்பினவராம். மனைவி இப்போது இல்லை. அப்படிப்பட்ட மனிதர் இப்போது தானே ஒரு வரிசையில் நிற்கிறார். எந்த வெள்ளிக்கிழமை போனாலும் எனக்கு முன்னமே வந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டு, மணியண்ணையின் கையையே பார்த்தபடி இருப்பார்.

ஒருநாள் லண்டனில் இருந்து ஒரு குடும்பம் வாடகைக்கு வான் பிடித்து வந்து இறங்கியது. அடுத்த நாள் பிளேன். முடியப்போகிற நிலையில் இருந்த வீணையை முழுக்காசும் தந்து எடுக்கிறோம் என்றார்கள். மணியண்ணை தலையைச் சொறிந்தார். மனேச்சர் எழும்பினார்.

"அது என்ரை முறை" என்றார். சத்தமே போடவில்லை. "எனக்குப் பிறகு இந்தப் பிள்ளையின்ரை முறை. அதுக்குப் பிறகு வேணுமெண்டால் நில்லுங்கோ."

வான் திரும்பிப் போய்விட்டது. அன்று பஸ்ஸில் வரும்போது அந்தக் கிழவரை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

அந்தப் பிரியம் ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. மாமி தன் வீணையை ஒரேயடியாக வாங்கிக்கொண்டார். எனக்குச் சங்கீத சபையின் ஆசிரியர் தரச் சோதினை நெருங்கிக்கொண்டிருந்தது. செய்முறைச் சோதினைக்கு வீணை இல்லாமல் விரலை மேசையில் தட்டிப் பழகிக்கொண்டிருந்தேன். மனேச்சரின் வீணை முடியப்போகிறது, மகளுக்காம் என்று கேள்விப்பட்டிருந்தேன். மகள் என்ன படிக்கிறாள் என்று மணியண்ணையின் மனைவியிடம் கேட்டேன்.

"படிக்கிறதோ? அது கனடாவுக்குப் போய் எவ்வளவு காலம். இப்ப ரெண்டு பிள்ளையள்."

நேரே முற்றத்தில் இருந்த மனேச்சரிடம் போனேன். "ஐயா, உங்கடை முறையை எனக்குத் தாங்கோ. எனக்குப் பிறகு வாறது உங்களுக்கு. உங்கடை வீட்டிலை இதை வாசிக்க ஒருத்தரும் இல்லைத்தானே."

"அவள் சின்னனிலை கேட்டவள் பிள்ளை. அப்ப வாங்கிக் குடுக்க ஏலாமல் போச்சு."

"அவ இஞ்சை இல்லையே. சும்மா மூலையிலை கிடந்து தூசி பிடிக்கப்போகுது."

"ஓம், பிடிக்கட்டும்" என்றார். "முறை முறைதான்."

பஸ்ஸில் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு கொக்குவில் வரை அழுதேன். கவலையில் இல்லை, ஆத்திரத்தில்.

அதைவிடக் கொடுமை அடுத்த வெள்ளிக்கிழமை நடந்தது. வீணை முடிந்துவிட்டது. மனேச்சர் ஓட்டோ பிடித்து வந்திருந்தார். வீணையை எப்படிப் பிடிப்பது என்று அவருக்குத் தெரியாது. மணியண்ணை என்னைப் பார்த்தார். "ரீச்சர், உந்த வீணைக் குடத்தை நீங்கள் ஒருக்காப் பிடிச்சுக்கொண்டு போங்கோவன்." எனக்குக் கிடைக்காத வீணையை என் மடியிலேயே வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் முடித்து வந்த அதே ரோட்டால் திரும்பப் பருத்தித்துறைக்குப் போனேன். குழி வந்தபோதெல்லாம் என்னையறியாமல் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன். எனக்கு நானே எரிச்சலாக இருந்தது.

அவர் வீட்டில் ஒரு அறையைக் கூட்டித் துடைத்துப் புதுப்பாய் விரித்து வைத்திருந்தார். வீணையை அதில் வைத்ததும், "ஒருக்கா வாசி, சத்தம் சரியோ எண்டு பாப்பம்" என்றார். வாசித்தேன். நல்ல வீணை. மணியண்ணையைத் திட்டின திட்டெல்லாம் அந்த நாதத்துக்கு முன்னால் நிற்கவில்லை, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. முடித்ததும் மனேச்சர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சோதினை வரும் வரைக்கும் பள்ளிக்கூடம் விட்டு இஞ்சை வந்து வாசி. கொண்டுபோக மட்டும் விடமாட்டன்."

போனேன். வேறு வழி? நான் உள்ளே பழகுவேன், அவர் வெளியே இருந்து பேப்பர் பார்ப்பார். நல்லது கெட்டது எதுவும் சொல்லமாட்டார். தந்தி அறுந்த அன்று மட்டும் வாசலில் வந்து நின்று, "புதுச்சாமான் பிள்ளை, மெல்லமா" என்றார். தந்தி அறுவது சகஜம் என்று நான் விளங்கப்படுத்தியதை அவர் நம்பினதாகத் தெரியவில்லை.

சோதினைக்கு முதல்நாள் கேட்டேன். "நாளைக்கு மட்டும் கொண்டுபோகட்டே ஐயா?"

"ஏலாது."

அன்று இரவு நித்திரை இல்லை. விடிய, தெரிந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போன் எடுத்து ஒன்றும் சரிவராமல், சோதினைக்கு வந்தவர்கள் யாரிடமாவது இரவல் கேட்கலாம் என்று வெறுங்கையோடு யாழ்ப்பாணம் போனேன். மண்டப வாசலில் ஒரு ஓட்டோ நின்றது. உள்ளே மனேச்சர், மடிக்குக் குறுக்காக வீணை.

"உன்னைக் கொண்டுபோக விடமாட்டன் எண்டுதான் சொன்னனான். நான் கொண்டுவரமாட்டன் எண்டு சொல்லேல்லையே."

நன்றி சொல்ல வேண்டிய இடம். எனக்கு வந்ததோ, முதல்நாளே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்ற கோபம்தான். சோதினை முடியும்வரை விறாந்தையில் இருந்து, முடிந்ததும் வீணையோடு திரும்பிப் போனார். ஓட்டோவில் குலுங்கி வந்ததில் சுருதி நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்தது. சாதாரண சித்தி, வெறும் பாஸ்தான் கிடைத்தது. நன்றாகத் தூங்கியிருந்தால் இன்னும் கூடுதலாகக் கிடைத்திருக்கும் என்று இன்றைக்கும் சொல்வேன்.

என் வீணை அடுத்த வருஷம் வந்தது. கலியாணம் முடிந்து, அவசரமெல்லாம் தீர்ந்த பிறகு. மணியண்ணையே கொண்டுவந்து வைத்து, "சொன்னபடி முடிச்சுத் தந்திட்டன் பாத்தியளே" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு நல்லூர்த் திருவிழாக் காலத்தில் மனேச்சர் போன் எடுத்தார். "மகள் வந்து நிக்கிறாள். ஒருக்கா வந்து வாசிச்சுக் காட்டு." குரலில் அப்படி ஒரு துள்ளலை நான் முன்பு கேட்டதில்லை. போனேன். மகள் நல்ல பெண். பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்தி, போனை வாங்கி வைத்து, நான் வாசித்து முடிக்கும்வரை கவனமாகக் கேட்டாள். பிறகு தகப்பனைப் பார்த்துச் சிரித்தாள்.

"அப்பா, நான் கேட்டது வயலின் எல்லோ?"

அவர் வீணையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"அந்த நேரம் இஞ்சை ரெண்டும் இல்லைத்தானே" என்றார்.

மகள் எழும்பி வந்து அவருக்குப் பக்கத்தில் இருந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வீணையின் தந்தியை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பிள்ளைகளில் ஒன்று தானும் தொடவேண்டும் என்று அடம்பிடித்தது. "மெல்லமா" என்றார் மனேச்சர்.

அவர் காலமான செய்தி, எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. மணியண்ணை மகனோடு கொழும்புக்குப் போய்விட்டார். அந்த முற்றத்தில் இப்போது வாகனம் கழுவுகிறார்கள். பருத்தித்துறை வீடும் விலைப்பட்டுவிட்டது. போன வருஷம் அந்தப் பக்கம் போனபோது துணிந்து கேற்றைத் தட்டினேன். ஒரு இளம்பெண் வந்தாள். இங்கே ஒரு வீணை இருந்தது, யார் எடுத்தார்கள் தெரியுமா என்று கேட்டேன்.

"நாங்கள் வரேக்கை வீடு வெறுமையாத்தான் இருந்தது அக்கா" என்றாள். பிறகு, பாவம், நான் எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்து, "ஆரிட்டைக் கேக்கலாம்?" என்று என்னையே கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். மகளின் கனடா விலாசத்தை நான் வாங்கி வைக்கவில்லை. எனக்கும் ஒரு பெயர் வரவில்லை.