நாத்தனார் தூக்கிய கற்கள்

கட்டட அலுவலகம் ஒன்றில் வீட்டு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவள் அவள். கட்டப்போகிற சுவர்களை வரைந்து வரைந்து அலுத்துப்போய், மண்ணுக்குள் புதைந்துபோன சுவர்களை வரையும் வேலைக்கு வந்தாள். அகழாய்வுக் குழியில் எந்த மண்ணடுக்கு எங்கே முடிகிறது, எந்தக் கல் எப்படிக் கிடக்கிறது என்று நூல் கட்டி அளந்து தாளில் ஏற்றுவாள். வரைந்து முடிக்கும்வரை யாரும் ஒரு கல்லையும் அசைக்கக் கூடாது. அந்த விஷயத்தில் தயவு தாட்சண்யமே கிடையாது. எல்லோரும் அவளை ‘வரைபடக்காரம்மா’ என்றார்கள்.

அவள் போதாத காலம், பக்கத்துக் குழிக்குப் பொறுப்பாக வந்து சேர்ந்தது நாத்தனார். கை வேகம், வாய் அதைவிட வேகம். இவள் பிரஷ்ஷால் மண்ணைத் தட்டி முடிப்பதற்குள் அவள் குழி முழங்கால் ஆழம் போயிருக்கும்.

அன்று காலை இவள் குழியில் பழைய சுவர்போல ஒரு கல்வரிசை தலைகாட்டியது. நேராகப் போய், இரண்டு குழிக்கும் நடுவே வெட்டாமல் விட்டிருந்த மண்சுவருக்குள் நுழைந்தது. அந்தப் பக்கம் வெளியே வந்தாக வேண்டுமே என்று சுற்றிக்கொண்டு ஓடினாள். நாத்தனாரின் குழி பெருக்கிவிட்ட கூடம்போலப் பளிச்சென்று இருந்தது.

“இங்க கல்லு எதுவும் வரலையா?”

“வந்துச்சு அண்ணி. கால்ல இடிச்சுக்கிட்டே கெடந்துச்சு, நேத்தே எடுத்துட்டேன்.”

“வரையறதுக்கு முன்னாடியா?”

“போட்டோ இருக்கே!”

போட்டோவில் நாத்தனார் நன்றாகத்தான் சிரித்துக்கொண்டிருந்தாள். கற்கள் பாதி அவள் புடவைக்குப் பின்னால், மீதி நிழலில்.

இவள் கணவனுக்கு போன் போட்டாள். “உங்க தங்கச்சி என்ன பண்ணியிருக்கா தெரியுமா?”

“இப்பதான் அவளும் கூப்பிட்டா. ரெண்டு பேரும் என்னை விட்டுடுங்க தாயே, வேலை இருக்கு” என்று வைத்துவிட்டான்.

பல்லைக் கடித்துக்கொண்டு குழிக்குள் இறங்கிக் குனிந்து பார்த்தாள். சிவந்த மண்ணில் அங்கங்கே சாம்பல் நிறப் பள்ளங்கள். ஒவ்வொன்றும் ஒரு கல்லின் அடிப்பாகம் அப்படியே பதிந்த அச்சு.

“எடுத்த கல்லையெல்லாம் கொண்டு வா. ஒண்ணு விடாம.”

முக்கால்வாசி மண்மேட்டில் கிடைத்தன. இரண்டு, தார்ப்பாய் பறக்காமலிருக்க அதன்மேல் உட்கார்ந்திருந்தன. இன்னொன்று குழுத் தலைவரின் ஆடுகிற மேஜைக்காலுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. அதை உருவியதும் அவருடைய தேநீர் மடியில் கொட்டியது. அவருக்கு விளக்கம் சொல்ல இவளுக்குப் பொறுமையில்லை.

மண்டை பிளக்கும் வெயிலில் இருவரும் மண்டியிட்டு ஒவ்வொரு கல்லையும் திருப்பித் திருப்பிப் பொருத்தினார்கள்.

“அது இல்ல அண்ணி, மூக்கு நீண்ட கல்லுதான் அங்க இருந்துச்சு” என்றாள் நாத்தனார். வைத்தார்கள், கச்சிதமாக உட்கார்ந்தது. இவ்வளவு ஞாபகம் இருப்பவள் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுத்திருக்கக் கூடாதா என்று இவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

கடைசியில் ஒரு பள்ளத்துக்கு மட்டும் கல் கிடைக்கவில்லை. அதைப் புள்ளிக்கோட்டால் காட்டினாள்.

“ஒரு கல்லுதானே, முழுக்கோடாவே போட்டுடுங்களேன். பார்க்க அசிங்கமா இருக்கு.”

“நான் பார்த்தது பள்ளம். கல்லைப் பார்த்தவ நீ.”

நாத்தனார் நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

மட்டம் பிடித்துப் பார்த்தபோது கல்வரிசை ஒரு பக்கமாக ஒரே சீராகத் தாழ்ந்துகொண்டே போனது. கல் இல்லாத பள்ளத்தின் அடியில் தண்ணீர் கொண்டுவந்து படியவைத்த மெல்லிய மணல். சுவர் என்று எல்லோரும் நினைத்தது ஒரு வாய்க்கால். தேநீர்க் கறை படிந்த வேட்டியோடு வந்து பார்த்த தலைவர், தேநீரை மறந்து தலையாட்டினார்.

அன்று இரவு வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் நாத்தனார் அண்ணனிடம் ஆரம்பித்தாள். “நான் அந்தக் கல்லை எடுத்ததாலதான் அடியில மணல் இருந்ததே தெரிஞ்சுது.”

“பரவாயில்லையே!” என்றான் அவன்.

இவள் கரண்டியை ணங்கென்று வைத்தாள். அவள் சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. அதைத்தான் இவளால் தாங்கவே முடியவில்லை.