அப்பாவின் மருந்தடிக்கும் சட்டை

கணவர் துபாயில் இருந்ததால், நான் உண்டானதுமே ராயகிரிக்கு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். என்னை ஒரு குடம் தூக்க விடமாட்டார்கள். கிரகணத்தன்று அறைக்குள் போட்டுப் பூட்டியே வைத்தார்கள். ஆனால் துணி மட்டும் துவைக்க வேண்டும். குத்தவைத்து உட்கார்ந்து வேலை பார்த்தால்தான் சுகப்பிரசவமாகும் என்று அம்மாவுக்கு அப்படியொரு நம்பிக்கை. வாஷிங் மெஷினைப் போர்வை போட்டு மூடிவிட்டு, வாளியை என் முன்னால் வைப்பாள். அதில் அப்பாவின் சட்டையும் கிடக்கும். கத்தரித் தோட்டத்தில் பூச்சி மருந்து அடித்துவிட்டு வந்து கழற்றிப் போட்டது. தண்ணீரில் முக்கினால் நெடி குப்பென்று மூக்கில் ஏறும்.

"எம்மா, கொமட்டுது."

"மாசமா இருந்தா எதைக் கண்டாலும் கொமட்டத்தான் செய்யும்ட்டி."

சுகப்பிரசவம்தான். அந்த மட்டில் அம்மா சொன்னது பலித்தது.

மகனுக்கு இப்போது நான்கு வயது. 'ம்மா', 'தா' தவிர வேறு வார்த்தை இல்லை. "ஏல, வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் அவனைக் கேட்பார்கள். நானும் சேர்ந்து சிரித்து வைப்பேன். "ஆம்பளப் பிள்ள மெதுவாத்தான் பேசும்" என்று ஆறுதல் வேறு. ஆறுதலாம் ஆறுதல்!

போன மாதம் தென்காசியில் ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டினேன். காது நன்றாகக் கேட்கிறது, வளர்ச்சிதான் பின்தங்கியிருக்கிறது, பேச்சுப் பயிற்சி வேண்டும் என்றார் அந்த டாக்டரம்மா. பிறகு நான் மாசமாக இருந்த நாட்களைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்பாவின் சட்டையைச் சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அதனாலதானா டாக்டர்?"

"அப்படி அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. எத்தனையோ காரணம் இருக்கலாம். ஆனா அந்த மருந்து தோல் வழியா உடம்புக்குள்ள போகும். வயித்துப் பிள்ளையோட மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம். இனிமே மாசமா இருக்கிறவங்க யாரும் அந்தத் துணியைத் தொடக்கூடாது."

தம்பி பட்டாளத்தில் இருக்கிறான். அவன் மனைவி ராயகிரியில், அதே வீட்டில், ஐந்து மாதம்.

வெளியே அப்பா காத்திருந்தார். "என்னம்மா சொன்னாவ?"

"பயிற்சி குடுக்கணுமாம்ப்பா."

"அது கெடக்கட்டும். குத்தாலத்துல சாரல் விழுது. அருவித் தண்ணி உச்சியில விழுந்தா பேச்சு தன்னால வந்துரும்லா."

சொன்னால் கேட்கிற ஆளா? ஐந்தருவிக்கு ஆட்டோ பிடித்தார். பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே போனார். தண்ணீர் தலையில் விழுந்ததும் மகன் 'ஆ'வென்று கத்திச் சிரித்தான். "சத்தத்தக் கேட்டியாட்டி? பேசிருவான்!" என்றார் அப்பா. நடுங்கிக்கொண்டே சிரித்த அந்த முகத்தைப் பார்த்து நான் எப்படிச் சொல்வேன்? சொன்னால் இந்த மனிதர் தாங்கமாட்டார். சொல்லாவிட்டால் இன்னொரு பிள்ளை. ராயகிரி போய்ச் சேருகிறவரை மென்று விழுங்கினேன். அம்மாவிடம் மட்டும் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அன்று இரவு அதற்குத் தோது வாய்க்கவில்லை. மறுநாள் காலையில் பின்பக்கம் போனால், தம்பி மனைவி வாளியின் முன்னால் குத்தவைத்திருக்கிறாள். கையில் அப்பாவின் சட்டை. பிடுங்கித் தூர எறிந்தேன். அந்தப் பெண் மிரண்டுபோனாள். அம்மா ஓடிவந்தாள்.

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? உக்காந்து எந்திரிச்சாத்தான பிள்ள சுளுவாப் பெறக்கும்? ஒனக்குப் பெறக்கலியா?"

எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ! "பெறந்துச்சும்மா, சுளுவாத்தான் பெறந்துச்சு! பெறந்த பிள்ள பேசுதா? இந்த மருந்துகூட காரணமா இருக்கலாம்னு டாக்டர் சொல்லுதாவ. இவ பிள்ளையும் அப்படி ஆகணுமா?"

அம்மா எனக்குப் பின்னால் பார்த்தாள். திரும்பினேன். அப்பா வாசல்படியில் நின்றிருந்தார்.

"எப்பா, அதுதான்னு உறுதியாச் சொல்லலப்பா, வேற காரணமும் இருக்கலாமாம்" என்று பதறினேன். அவர் குழாயடிக்குப் போய் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினார். மறுபடியும் போட்டுக் கழுவினார். சத்தம் கேட்டு விழித்த மகன் தூக்கக் கலக்கத்தோடு வந்து, தூக்கச் சொல்லி அவரிடம் இரண்டு கையையும் நீட்டினான்.

அப்பா பின்னால் நகர்ந்தார். "வேண்டாம்யா. தாத்தாவத் தொடாத. தாத்தா மேல மருந்து இருக்கு."

அன்று அவர் தோட்டத்துப் பக்கமே போயிருக்கவில்லை. காலையிலேயே குளித்துவிட்டு, வெளுத்த வேட்டி கட்டியிருந்தார்.