பெட்ரோலை அடக்கிய எங்கள் அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைந்துவிட்டது. அழுதுகொண்டே எழுத வேண்டிய கட்டுரை இது என்றுதான் நினைத்து உட்கார்ந்தேன். ஆனால் அக்கா செய்த காரியங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வர வர, என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து நின்று, கையை ஆட்டி ஆட்டி உங்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது கிள்ளானில், அம்மாவின் தாய்வீட்டில். வளர்ந்தது பிரிக்பீல்ட்ஸில், அப்பா வேலை செய்த ரயில்வே குடியிருப்பில். அப்பா திடீரென்று மறைந்தபோது அக்கா பள்ளியின் கடைசி வகுப்பான படிவம் ஐந்தை முடித்திருந்தார். குடியிருப்பைக் காலி செய்துகொண்டு நாங்கள் மீண்டும் கிள்ளானுக்கே வந்தோம். அம்மா கையுறைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அக்காவுக்குப் பல்கலைக்கழகம் போக ஆசை. அதை ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வேதியியலில் டிப்ளோமா மட்டும் முடித்து, ஒரு பெயின்ட் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, என்னைப் படிக்க வைத்தார். பிறகு மாமாவைக் கைப்பிடித்தார். கவிதா பிறந்தாள்.

மாமா அப்போது டேங்கர் லோரிகளைப் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை செய்துகொண்டிருந்தார். ஒரு மத்தியானம், பெட்ரோலை முழுவதும் வடித்துவிட்ட ஒரு தொட்டியின் விரிசலைப் பற்றவைக்கப் போனார். பொறி பட்டதும் தொட்டியின் மூடி பறந்தது. மாமாவின் இரண்டு கைகளும் மார்பும் வெந்துபோயின.

மருத்துவமனையில் உறவினர் ஒருவர், "காலி டேங்க்தானே, அது எப்படி வெடிக்கும்?" என்று கேட்டார். அக்கா அழவில்லை. கோபத்தில் முகம் சிவந்து, "டேங்க்தான் காலி. உள்ள பெட்ரோல் ஆவி நிறைஞ்சு கிடந்துச்சு. நிறைஞ்ச டேங்க்கைவிட அதுதான் மோசம். அதைப் போக்காம மனுசன எப்படிப் பத்த வைக்கச் சொன்னாங்க?" என்றார்.

அந்தக் கேள்வியை அக்கா விடவே இல்லை. கோலாலம்பூரில் நடந்த ஒரு தொழில் கண்காட்சிக்குப் போனவர், அங்கே ஒரு கடையை விட்டு நகரவில்லை. தண்ணீரில் சிறிதளவு கலந்து அடித்தால் பெட்ரோல் துளிகளைச் சூழ்ந்துகொண்டு, ஆவி கிளம்பாமல் அடக்கிவிடும் ஒரு திரவத்தை அங்கே விற்றார்கள். தீயை அணைக்கவும், சிந்திய எரிபொருளைக் கட்டுப்படுத்தவும், தொட்டிக்குள் தங்கிய ஆவியைப் போக்கவும் அந்த ஒன்றே உதவும். விற்பவரே களைத்துப்போகும் அளவுக்குக் கேள்வி கேட்டுவிட்டு வந்து, வேலையை ராஜினாமா செய்தார்.

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நல்ல வேலையை விட்டுட்டு சோப்புத் தண்ணி விக்கப் போறியா?"

"சோப்பு அழுக்கைத்தாம்மா பிடிக்கும். இது பெட்ரோலையே பிடிச்சு உள்ள வச்சுப் பூட்டிடும்!"

முதல் செயல்விளக்கத்துக்குக் கிள்ளானில் ஒரு திறந்த வெளியை ஏற்பாடு செய்தோம். தீயணைப்பு வீரர்களும் தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரிகளும் வந்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து வானம் பொத்துக்கொண்டது. தீப்பந்தத்தைக் கொளுத்தவே முடியவில்லை. அக்கா நனைந்தபடி, "இன்னிக்கு என் வேலையை மழையே செஞ்சிருச்சு. தோசை சாப்பிட்டுட்டுப் போங்க, அடுத்த வாரம் வாங்க லா," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரமும் வந்தார்கள்!

அன்று இரும்புத் தட்டில் பெட்ரோல் ஆள் உயரத்துக்கு எரிந்தது. கலவைக் குழாயைத் திறந்த வேகத்தில் தீ படுத்துவிட்டது. அது பெரிதில்லை. அதற்கப்புறம் அக்கா எரிகிற பந்தத்தை நீட்டி, அதே பெட்ரோலின்மேல் இப்படியும் அப்படியும் ஆட்டினார். பற்றவில்லை! ஹமிட் என்ற மலாய் தீயணைப்பு அதிகாரி கிட்டே வந்து, தானே பந்தத்தை வாங்கி ஆட்டிப் பார்த்தார். அப்போதும் பற்றவில்லை. அன்றிலிருந்து அவர் அக்காவை 'காக்' என்று கூப்பிட ஆரம்பித்தார். மலாயில் அதற்கு அக்கா என்றுதான் பொருள்.

முதல் பெரிய தொட்டி வேலை எங்கே கிடைத்தது தெரியுமா? மாமா வெந்துபோன அதே பட்டறையில். மாமாவும் எங்களோடு வந்தார். யாரையும் தொட்டிக்குள் இறக்காமல், வெளியிலிருந்தே சுழலும் குழாயை விட்டு, கலவையால் உட்சுவர் முழுவதையும் கழுவினோம். பிறகு அக்கா ஆவியின் அளவைக் காட்டும் வாயு மீட்டரின் குழாயை உள்ளே இறக்கினார். மேலே, நடுவே, அடியில் என்று பொறுமையாகப் பார்த்தார்.

மாமா வெல்டிங் துப்பாக்கியைத் தழும்பு நிறைந்த கைகளில் பிடித்தபடி நின்றார். "நீ சொன்னாத்தான் பத்த வைப்பேன்," என்றார்.

"இருங்க, இன்னொரு தடவை பார்த்துடறேன்." மறுபடியும் குழாயை இறக்கினார். "சீரோ. எல்லாப் பக்கமும் சீரோ. பத்த வைங்க!"

பொறி பறந்தது. தொட்டி சும்மா இருந்தது. மாமா விரிசலை அடைத்து முடித்து, முகக்கவசத்தைக் கழற்றியபோது அவர் கன்னமெல்லாம் ஈரம். அக்காவோ சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினார்.

இனி டெங்கில் சாலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். உங்களில் பலர் பல விதமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் கூடவே இருந்தவன்.

செமினியில் வேலையை முடித்து, மிச்சமிருந்த திரவப் பீப்பாய்களோடு நான் ஓட்டிய எங்கள் லோரி டெங்கில் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. செம்பனை மரங்களுக்கு நடுவே வாகனங்கள் வரிசையாக நின்றன. காற்றில் பெட்ரோல் வாடை. அக்கா பாய்ந்து, "தம்பி, இன்ஜின அணைடா!" என்றார். முன்னால் ஒரு டேங்கர் லோரி கவிழ்ந்து கிடந்தது. பெட்ரோல் சாலையோரக் கால்வாயில் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா இறங்கி ஓடினார். "பாஸ், சிகரெட்டைப் பத்த வைக்காதீங்க! அண்ணே, பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் பின்னால போங்க!" என்று ஒவ்வொரு காராகத் தட்டிச் சொல்லிக்கொண்டே போனார்.

தீயணைப்பு வண்டி வந்தது. இறங்கியவர் ஹமிட். அந்த நிலையத்துக்கு அவர் மாற்றலாகியிருந்ததே எங்களுக்குத் தெரியாது!

டேங்கரின் ஓட்டுநர் சேகர் நசுங்கிய இருக்கையில் மாட்டியிருந்தார். காலிலிருந்து ரத்தம் போய்க்கொண்டிருந்தது. இரும்பை வெட்டினால்தான் எடுக்க முடியும். வெட்டினால் பொறி பறக்கும். நுரையடிக்கும் வண்டி வந்துகொண்டிருந்தது. ஆனால் அதுவரை அந்தக் கால் பொறுக்காது என்று மருத்துவ உதவியாளர் சொல்லிவிட்டார்.

ஹமிட் அக்காவைப் பார்த்தார். "காக், உங்க மருந்து இருக்கா?" என்று மலாயில் கேட்டார்.

"லோரி நிறைய இருக்கு!"

பீப்பாய்களை உருட்டி, தீயணைப்பு வண்டியின் தண்ணீரில் கலந்தோம். ஹமிட் அக்காவுக்குத் தீயணைப்பு அங்கியையும் தலைக்கவசத்தையும் மாட்டிவிட்டார். வீரர்கள் கலவையை டேங்கருக்கு அடியிலும், ஓட்டுநர் பகுதியைச் சுற்றியும், கால்வாய் நெடுகவும் அடித்தார்கள். மீட்டர் கத்திக்கொண்டே இருந்தது. எண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

உள்ளிருந்து சேகர், "அக்கா, என்னை விட்டுட்டுப் போயிடாதீங்க," என்றார்.

"போகலடா தம்பி, இங்கதான் நிக்கறேன். வீட்ல யாரெல்லாம் இருக்காங்க, சொல்லு பார்ப்போம்."

மனைவி, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அக்கா 'உம்' கொட்டியபடி மீட்டரை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"காக், வெட்டலாமா?"

"இல்ல, இன்னும் இல்ல. அந்தக் கால்வாய்ப் பக்கம் மறுபடி அடிங்க."

மீட்டர் கத்துவதை நிறுத்தியது. அக்கா இன்னொரு சுற்று நடந்து பார்த்தார். "இப்ப வெட்டுங்க!"

வெட்டும் கருவியிலிருந்து பொறிகள் நனைந்த தார்ச்சாலையில் விழுந்தன. விழுந்த இடத்திலேயே அணைந்தன. ஒன்றுகூடப் பற்றவில்லை! சேகரை வெளியே எடுத்தபோது சாலையில் நின்ற அத்தனை பேரும் கத்திய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

கூட்டம் கொண்டாடும்போதே அக்கா, "உறிஞ்சற லோரிய வரச் சொல்லுங்க, இந்தத் தண்ணி ஆத்துக்குப் போயிடக் கூடாது," என்று அதைக் கவனிக்க ஓடினார். கால்வாயை மண்ணால் அடைத்து, கடைசிச் சொட்டு வரை உறிஞ்சிய பிறகே அங்கியைக் கழற்றினார். பிறகு என்னைப் பார்த்து, "பசி உயிர் போகுதுடா. காஜாங்குக்கு விடு, சாத்தே சாப்பிடலாம்," என்றார். குச்சியில் குத்திச் சுட்ட அந்த இறைச்சியை அன்று அக்கா சாப்பிட்ட மாதிரி யாரும் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

புற்றுநோய் வந்த பிறகும் அந்த வேகம் குறையவில்லை. மருத்துவமனைக் கட்டிலிலிருந்தே, "அந்தத் துறைமுகத்து டேங்க் என்னாச்சு, மறுபடி அளந்தியா?" என்று, வேலையைக் கவனித்துக்கொண்டிருந்த கவிதாவைத் தொலைபேசியில் விரட்டுவார். கடைசி வாரம் வீட்டுக்குப் போக வேண்டுமென்றார். வீட்டுக்கு வந்தபின் ஒரு காலை, ஜன்னல் வழியே வெயில் விழ, மாமாவின் கையைப் பிடித்தபடியே அமைதியாகக் கண்மூடினார். அருகிலிருந்த என்னால் அதை இன்றும் நம்ப முடியவில்லை.

இறுதிச்சடங்கு நாளில் எங்கள் சந்துமுனையில் சிவப்புத் தீயணைப்பு வண்டி வந்து நின்றது. பக்கத்து வீட்டு ஆன்டி பதறிப்போய், "எங்க தீ, எங்க தீ?" என்று ஓடி வந்தார்.

ஹமிட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த கொஞ்சநஞ்சத் தமிழில், "தீ இல்ல ஆன்டி. எங்க அக்கா பார்க்க வந்தோம்," என்றார். சேகரும் ஊன்றுகோலோடு அந்த வண்டியிலிருந்துதான் இறங்கினார்.

அக்காவுக்கு மருத்துவம் பார்த்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், சமைத்துக் கொடுத்த கிள்ளான் உறவுகளுக்கும், பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்து கூடவே இருந்த பழைய அண்டை வீட்டாருக்கும், வேலையை ஒரு நாளும் நிற்கவிடாத அக்காவின் தொழிலாளர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அன்று யாரும் சொல்லாமலே சந்தில் நின்ற கார்களையெல்லாம் மளமளவென்று நகர்த்தி, அந்தச் சிவப்பு வண்டி எங்கள் வாசல் வரை வர வழிவிட்டீர்களே, உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி. பூக்களுக்கு நடுவே அக்கா அந்த வண்டியில்தான் ஊர்வலம் போனார். வழியெல்லாம் ஆட்கள் ஒதுங்கி நின்று கைகூப்பினார்கள்.