காப்பி பூத்த கனடா

ராக்காவலில் முதலில் வருவது சத்தம். ஆள் யாரென்பது பிறகுதான். எங்கள் ஏற்காட்டு விடுதியில் அன்று விடியும் நேரம் கேட்டது, டக், டக். டார்ச்சோடு ஓடினால், வரவேற்பறைச் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் முதலாளியம்மா. அங்கிருக்கும் படத்தை எடுத்துவிட்டு டிவி மாட்டப்போகிறாராம். இரவெல்லாம் எனக்குத் துணை அந்தப் படம்தான். என்னைப்போல் தூக்கத்தை விற்றுப் பிழைப்பவர்களுக்கு இது புரியும்.

கிட்டவும் தள்ளியும்

கனடாக்காரர் ஒருவர் இளவயதில் வரைந்த ஓவியத்தின் அச்சு அது. பனி மூடிய சரிவு, மரங்கள், ஓர் ஓடை. கிட்டப் போனால் ஊதாவும் மஞ்சளுமாய் வெறும் வண்ணத் திட்டுகள். பின்னால் நகர நகர, அந்தத் திட்டுகளிலிருந்தே மாலை வெயில் எழுந்துவரும். பிரான்சில் அப்போது புதிதாய்க் கிளம்பிய முறையாம், போனில் படித்தேன். சமையல்கார அந்தோணி அண்ணனுக்குக் காட்டினேன். முன்னும் பின்னும் நடந்து பார்த்தார்.

"ஏனுங்க, கிட்டப் போனா கலைஞ்சு போகுது, தள்ளி நின்னா சேர்ந்து வருது. எங்கூட்டுக்காரி மாதிரியே இருக்குதுங்க!"

எந்த எஸ்டேட்?

கொட்டச்சேட்டிலிருந்து பால் கொண்டுவரும் ராமாயி அக்கா படத்தைப் பார்த்து, "நொம்ப நல்லாப் பூத்திருக்குது. எந்த எஸ்டேட்டுங்க?" என்றார். அது பனி என்றேன். நம்பவேயில்லை.

பனிமேல் விழும் நிழலை ஓவியர் ஏன் நீலமாய்த் தீட்டினார் என்பது எனக்கு நெடுநாள் குழப்பம். அன்று வேலை முடிந்தும் படுக்காமல் அக்காவோடு நடந்தேன். கோடை மழைக்குப் பின் காப்பி பூத்து, சரிவே வெளுத்துக் கிடந்தது. அந்த வெள்ளையின் மேல் மரநிழல் விழுந்திருந்தது, நீலமாய். கால் நகரவில்லை. அக்கா திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"பகல்ல தூங்குற ஆளுக்கு இதெல்லாம் எங்கீங்க தெரியும்?"

ஆணி

மறுநாள் காலையே டிவிக்காரர் ஏணியோடு வந்துவிட்டார். "பனிக்கும் நம்மூருக்கும் என்னப்பா சம்பந்தம்? கழட்டு" என்றார் முதலாளியம்மா. "அம்மா, அந்த மாடிப்படியில நின்னு ஒருதடவை பாத்துருங்க. காப்பி பூத்தாப்பல இருக்குமுங்க" என்று மட்டும் சொன்னேன்.

முணுமுணுத்தபடி ஏறினார். திரும்பினார். சன்னல் வெயில் படத்தில் விழுந்திருந்தது. பிறகு டிவிக்காரரிடம் சொன்னார்:

"எங்கப்பா தோட்டம் பூத்தாப்பலயே இருக்குது சாமி. டிவிய சாப்பாட்டு ரூமுல மாட்டு."

இத்தனை வருடக் காவலில் நான் உருப்படியாய்க் காப்பாற்றியது எந்தத் திருடனும் சீண்டாத ஒரு காகிதத்தைத்தான் என்று எண்ணிக்கொண்டே, வாசல் விளக்கை அணைத்துவிட்டுத் தண்ணி மோட்டார் போடப் போனேன்.