போட்டவள் அவுட்

எனக்கு இப்போது பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். இருந்தும் அந்த விதியை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. பந்தைப் பிடிக்காமல் கீழே விட்டவன் ஆட்டத்தில் நிற்பானாம். ஒழுங்காகப் போட்டவள் வெளியே போய் உட்கார வேண்டுமாம். உலகத்தில் வேறு எந்த ஊரிலாவது இப்படி ஒரு நியாயம் உண்டா? எங்கள் கடற்கரையில் இருந்தது. அதைக் கொண்டுவந்தவர் என் தாய்மாமா.

அது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது என்பதால், மாமாவுக்கு வலையைத் தைப்பதும் தூங்குவதும் தவிர வேறு வேலை இல்லை. எங்களுக்கும் முழுப்பரீட்சை லீவு. மாதா கோயில் திருவிழாவுக்குத் தெற்குத் தெருப் பிள்ளைகளோடு ‘பத்துக் கை’ ஆட்டம் உண்டு. எதிராளி பறிக்காமல், மண்ணிலும் விழாமல் பந்து பத்துக் கை மாற வேண்டும். முதலில் பத்து போட்டவர்கள் ஜெயித்தவர்கள். அதற்கு எங்கள் தெருப் பிள்ளைகளைத் தயார் செய்கிறேன் என்று உச்சிப்புளிக்குப் போய் ஒரு பந்து வாங்கிக்கொண்டு மாமா இறங்கினார்.

எங்கள் தெருவில் என்னைப் போல வேகமாகப் பந்து போட ஆள் கிடையாது. பையன்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். திருவிழா ஆட்டத்துக்கு நான்தான் தலைவி என்று அந்த வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த நினைப்பில்தான் மாமா மண்ணைப் போட்டார்.

“பேரைச் சொல்லிக் கூப்பிடு. கண்ணைப் பாரு. அவன் கையை விரிச்ச பெறகு போடு. கீழ விழுந்துச்சுன்னா போட்ட ஆளுதான் அவுட்டு. படகுல கயிறு போடுறதுக்கும் இதான் சட்டம்.”

படகுச் சட்டம் படகோடு இருக்கட்டுமே, பந்துக்கு எதற்கு? கேட்டேன். மாமா பந்தை அடுத்தவனிடம் போட்டுவிட்டார்.

இந்தச் சட்டத்தால் வாழ்ந்தவன் என் தம்பி. பந்து வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டுவான். பந்து நெஞ்சில் மோதி மண்ணில் விழும். அவன் இளித்துக்கொண்டு நிற்பான், நான் வெளியே. வீட்டில்தான் மீன் வறுவலில் பெரிய துண்டு அவனுக்கு என்றால், விளையாட்டிலுமா? ஒரே சாயங்காலத்தில் நான் ஏழு தடவை அவுட் ஆகியிருக்கிறேன்.

அங்கே நடுவராக இருந்தவர் என் அப்பா. ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தார்; படகு போகாத நாட்களில் அங்கேயும் வேலை இருக்காது. கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் மேல் உட்கார்ந்து கை எண்ணிக்கை சொல்வார். நான் பிறக்கும் முன்பே கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டவர். வலது கையில் மூன்று விரல்கள் கிடையாது. ‘கயித்துல போச்சு’ என்று மட்டும் வீட்டில் சொல்வார்கள். பிறந்ததிலிருந்து பார்த்த கை என்பதால் நானும் அதற்கு மேல் கேட்டதில்லை.

திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு ஒன்பது கை முடிந்து பத்தாவது கைக்குப் பந்து என்னிடம் வந்தது. தம்பி மட்டும் தனியாக நின்றான். போட்டேன். வழக்கம்போல விட்டான்.

“நீ அவுட்டு புள்ள. ஞாயித்துக்கெழம நீ வேணாம், அங்கன ஒக்காந்து பாரு” என்றார் மாமா.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு வருடமாகத் தலைவி, இப்போது வேடிக்கை பார்ப்பவளா? ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

“நான் நல்லாத்தான போட்டேன்! பிடிக்கத் தெரியாதவனுக்குக் கை எதுக்கு?”

மாமா சட்டென்று வள்ளத்தின் பக்கம் திரும்பினார். அங்கே அப்பா மட்டும் சிரித்தார்.

“புள்ள சொல்றது சரிதான மாப்ள. விட்டவந்தான் அவுட்டு. போட்டவன் என்ன செய்வான்?”

“சும்மா இருங்க மச்சான். போட்டவந்தான் அவுட்டு. பாத்துப் போட்டிருக்கணும்.”

“நல்லாத்தான் போட்டான். பிடிக்கத்தான் தெரியல. எத்தன வருசமா சொல்லுறேன், கேக்க மாட்டேங்குற.”

ஆட்டம் பழக ஆரம்பித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அப்பா என்மேல் உள்ள பாசத்தில் கூட்டிச் சொல்கிறார் என்று நினைத்தேன். மாமா பந்தை எடுத்துக்கொண்டு செருப்பைக்கூடப் போடாமல் விறுவிறுவென்று போய்விட்டார். கண் கலங்கியிருந்தது. தோற்றுப்போன ஆத்திரம், நன்றாக வேண்டும் என்று இருந்தது எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை நான் ஆடினேன், ஜெயித்தோம். மாமா பார்க்க வரவில்லை. அதற்கும் கோபப்பட்டேன்.

என் கல்யாணத்துக்கு முந்தின வாரம் அம்மாதான் சொன்னார். நடுக்கடலில் அப்பா போன படகின் எஞ்சின் நின்றுவிட்டதாம். காற்று ஏறிக்கொண்டிருந்ததாம். கட்டி இழுக்க மாமாவின் படகு வந்திருக்கிறது. மாமாதான் கயிறு போட்டிருக்கிறார். அப்பா சரியாகப் பிடிப்பதற்குள் அலை படகைத் தள்ள, கயிறு விரல்களில் சுற்றி இறுகிவிட்டது. அவசரத்தில் பார்க்காமல் போட்டுவிட்டேன் என்று மாமா. பிடிக்கத் தெரியாதவன் நான்தான் என்று அப்பா. அந்த வழக்கு எங்கள் வீட்டில் தீரவே இல்லையாம். கேட்டுக்கொண்டிருந்தபோது என் மேலேயே எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கை எதுக்கு என்று யார் முன்னால் கேட்டிருக்கிறேன்!

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. அப்பா என் பக்கம் பேசிவிட்டார் என்ற கர்வம்தான். அந்தக் கையில் மிச்சமிருந்த இரண்டு விரல்களைப் பிடித்துக்கொண்டு, தம்பியைப் பார்த்து நாக்கைத் துருத்தியபடி வீட்டுக்கு நடந்தேன்.